வாயில்லா ஜீவனின் வழக்கு

செல்வம் படைத்தோர் தம் செல்வத்தைப் பிறர் காணச் செய்வதற்கு எத்தனையோ வழிகளைக் கண்டுள்ளனர். மாளிகை, வாகனம், பொன், பட்டு என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்று கானகத்து விலங்கும் இடம்பெற்றுவிட்டது. ஆடும் கோழியும் பூனையும் வளர்ந்த வீட்டு முற்றத்தில் மலைப்பாம்பும் குரங்கும் வளர்க்க ஆசைப்படுகின்றனர். வசதி மிகுந்த நாடுகளிலோ சிங்கக் குட்டியையும் சிவிங்கிப்புலியையும் காரின் முன்னிருக்கையில் அமர்த்திப் படம் எடுத்துக் கொள்கின்றனர்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பாங்காக் நகரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்திறங்கிய ஒரு பயணியின் உடைமைக்குள்ளிருந்து முனகல் ஒலி கேட்டது. சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தபோது, பிளாஸ்டிக் கூடை ஒன்றினுள் பிறந்து ஒரு திங்களே ஆன சிறுத்தைக் குட்டி நடுங்கிக் கிடந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். அதற்குப் புட்டியில் பால் ஊட்டி, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அனுப்பி வைத்தனர். அதன் பின்னரும் அதே விமான நிலையத்தில் மலைப்பாம்புகளும் குரங்குகளும் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டு வருகின்றன. பெட்டியைத் தூக்கி வருபவன் பெரும்பாலும் கூலிக்காரன். அந்தப் பெட்டி வந்து சேரும் வரையில் கையில் பணத்துடன் ஒருவர் காத்திருக்கிறாரே, அவரைப் பற்றியே இங்கு நாம் பேச வேண்டியுள்ளது.

ஜும்ஆ முடிந்து வெளிவரும் இளைஞர் சிலர் இது மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்று வினவுகின்றனர். ஒரே சொல்லில் விடையும் எதிர்பார்க்கின்றனர். ஒரே சொல்லில் விடை கூறத்தக்க வினா அன்று இது. உயிரினத்தைக் கட்டி வளர்ப்பதற்கு ஷரீஅத்தில் அனுமதியும் உண்டு. அந்த அனுமதிக்குக் கழுத்தில் ஒரு கயிறும் உண்டு.

முதலில் அனுமதியைப் பார்ப்போம். மதீனா மாநகரில் ஹளரத் அபூதல்ஹா (ரலி), உம்மு ஸுலைம் (ரலி) தம்பதியரின் சின்னஞ்சிறு மகன் அபூஉமைர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். குருவியைப் போன்ற அப்பறவையை நுகைர் என்று அழைப்பர். அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அந்த வீட்டிற்கு வரும்போதெல்லாம் அக்குழந்தையுடன் விளையாட்டாகப் பேசி மகிழ்வார்கள். ஒரு நாள் குழந்தையின் முகம் வாடியிருந்தது. பறவை இறந்துவிட்டது என்று வீட்டார் தெரிவித்தனர். நாயகம் (ஸல்) அவர்கள், குழந்தையின் பெயரும் பறவையின் பெயரும் எதுகையாய் ஒலிக்கும்படி, நுகைருக்கு நேர்ந்தது யாதென்று அக்குழந்தையிடமே வினவி, அதன் துயரில் பங்கு கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது.

இந்தச் சிறு நிகழ்ச்சியை வைத்து, ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் ஒரு தனி நூலே எழுதி, 60 படிப்பினைகளை எடுத்துக் காட்டினார்கள். ஒரு குழந்தையின் குருவிக்கு ஒரு கிதாபு! நம் முன்னோர்களின் கல்வி ஆர்வம் அத்தகையது. பறவையைக் கூண்டிலிட்டு வளர்ப்பது ஆகும் என்பதும் இந்த ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்த சட்டங்களுள் ஒன்று. நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணாரக் கண்டும் தடுக்கவில்லை என்பதே அதற்கு ஆதாரம். ஆகவே, எந்த உயிரையும் எந்நிலையிலும் வீட்டில் வைக்கலாகாது என்று சிலர் உணர்ச்சி மேலிட்டுப் பேசுவது சரியன்று. மார்க்கம் விலக்காத ஒன்றை விலக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இனி அந்தக் கயிற்றைப் பார்ப்போம். குரலைக் கேட்டு மகிழ்வதற்காகப் பறவைகளைக் கூண்டில் அடைத்து வைக்கலாமா என்று இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் வினவப்பட்டது. அதற்குத் தேவையானவற்றை உடையவர் முறையாகக் கவனித்து வருவாராயின் ஆகும்; கட்டி வைக்கப்பட்ட கால்நடையின் நிலையே அதன் நிலையும் என்று அவர்கள் தீர்ப்பளித்ததாக நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தேவையானவை என்னும் அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பூனையைக் கட்டி வைத்துச் சாகடித்த பெண்ணின் வரலாற்றை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. குழந்தைப் பருவத்தில் மதரஸாப் பாயில் அமர்ந்து கேட்ட செய்தி அது. ஆனால் அதில் ஒரு நுட்பத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அவள் மீது நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த குற்றங்கள் இரண்டு. அவள் அதற்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை என்பது ஒன்று. பூமியில் திரியும் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக் கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை என்பது மற்றொன்று. அதன் தேவையை நீ நிறைவேற்று. அல்லது அதுவே நிறைவேற்றிக் கொள்ள விட்டுவிடு. கட்டி வைத்திருப்பவருக்கு மூன்றாவது வழி இல்லை.

பூனைக்கு ஒரு பிடிச் சோறும் மீன் தலையும் போதும். மதில் மேல் ஏறித் தன் உலகத்தைத் தானே பார்த்துக் கொள்ளும். சிவிங்கிப்புலிக்கு என்ன கொடுப்பீர்கள்? வடநாட்டார் சீத்தா என்றும் அரபியர் ஃபஹ்து என்றும் அழைக்கும் இவ்விலங்கு, நிலத்தில் ஓடுவனவற்றுள் மிக விரைவானது. குறுகிய தொலைவில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வல்லது. அதன் நெஞ்சு, நுரையீரல், முதுகெலும்பு, வால் அத்தனையும் அந்த ஓட்டத்திற்கென்றே வல்ல நாயன் வகுத்தமைத்தவை. அதன் குட்டிகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் தாயுடன் அலைந்து வேட்டையாடக் கற்கின்றன. திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம், பூமியில் நடமாடும் பிராணிகளும் சிறகு விரித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற உம்மத்துகளே என்று உணர்த்துகிறதல்லவா? உம்மத்து என்றால் தாய் உண்டு, பிள்ளை உண்டு, இனம் உண்டு, இடம் உண்டு. இவற்றுள் எதனை நீங்கள் உங்கள் மாளிகைக் கூடத்தில் வைத்துக் கொடுக்கப் போகிறீர்கள்?

கொடுப்பது எலும்பு நீக்கிய கோழி இறைச்சி. காட்டில் இரையை எலும்போடும் ஈரலோடும் தின்னும் பிராணி அது. வெறும் தசையை மட்டுமே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணச்சத்து கிடைப்பதில்லை. எலும்புகள் மெலிந்து வளைகின்றன. கால் கோணி, நிற்கவும் முடியாமல் போகிறது. வீட்டாருக்குத் தீங்கு நேராதிருக்கச் சிலர் அதன் நகங்களைப் பிடுங்கி எடுக்கின்றனர், பற்களை ராவுகின்றனர். பிறகு அது சாதுவாக இருக்கிறதென்று விருந்தினரிடம் பெருமை பேசுகின்றனர். தட்டில் இறைச்சி இருக்கிறது, ஆகவே தேவை நிறைவேறிற்று என்று இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களின் முன்னிலையில் சென்று சொல்லிப் பாருங்கள்!

இதுவரை கூறியது வீட்டுக்கு வந்து சேர்ந்த குட்டியின் கதை. வந்து சேராதவற்றின் கதை இதனினும் கொடியது.

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்கு முனையில், எத்தியோப்பியா, சோமாலியா, வட கென்யா ஆகிய வறண்ட நிலப்பகுதிகளிலிருந்து இக்குட்டிகள் பிடிக்கப்படுகின்றன. தாய் வேட்டைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் புதரிலிருந்து அள்ளப்படுவன சில. ஆட்டைக் கொன்றதென்று தாயை இடையர்கள் தொலைத்த பின் எடுக்கப்படுவன சில. கண் திறந்து சில வாரங்களே ஆன அவற்றுக்கு ஆட்டுப் பாலோ ஒட்டகப் பாலோ ஊட்டுகின்றனர். அது செரிக்காமல் வயிறு கழிந்து பல வழியிலேயே மடிகின்றன. எஞ்சியவை சாக்கிலும் பெட்டியிலும் திணிக்கப்பட்டு, சோமாலிலாந்துக் கரையிலிருந்து படகேறி, ஏடன் வளைகுடாவைக் கடந்து யெமன் வழியாகச் செல்வ நாடுகளை அடைகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 குட்டிகள் இவ்வாறு கடத்தப்படுவதாக, 1990இல் நமீபியாவில் தொடங்கப்பட்ட சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் மதிப்பிட்டுள்ளது. உலகம் முழுவதிலும் காட்டில் எஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் ஏறத்தாழ 7,000தான் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். சோமாலிலாந்து அரசு கைப்பற்றிய குட்டிகளை அதே நிதியம் அங்கு வளர்த்து வருகிறது. தாயிடம் வேட்டை பயிலாத அவற்றைத் திரும்பக் காட்டில் விடுவது மிகக் கடினம். 2018இல் ஹர்கெய்ஸா நகர நீதிமன்றம் கடத்தல்காரர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சங்கிலியில் பிடிப்பவரும், படகு ஓட்டுபவரும், விலை கொடுப்பவரும் பெரும்பாலும் கலிமாச் சொன்னவர்களே. சோமாலிய மக்கள் நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அவர்களும் நாமும் ஓதுவது ஒரே ஹதீஸைத்தான். அபூதாவூதில், ஹளரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த வரலாற்றைக் கேளுங்கள். நாயகம் (ஸல்) அவர்களுடன் தோழர்கள் பயணத்தில் இருந்தார்கள். அண்ணலார் சற்று அப்பால் சென்றிருந்த நேரத்தில், ஹும்மரா என்னும் சிறு பறவையின் இரு குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துக் கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகுகளை விரித்துப் படபடத்து அவர்கள் தலைக்கு மேலே வட்டமிட்டது. திரும்பி வந்த நாயகம் (ஸல்) அவர்கள் அக்காட்சியைக் கண்டார்கள். பிள்ளைகளைப் பறித்து இதனை வேதனைப்படுத்தியவர் யார் என்று வினவினார்கள். குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டார்கள்.

அபூஉமைருக்குக் குருவியை அனுமதித்த அதே நாயகம்தான் இங்கே குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அங்கே ஒரு குழந்தை ஒரு பறவையை அன்போடு பேணிக் கொண்டிருந்தது. இங்கே ஒரு தாயின் கண்ணெதிரே அதன் பிள்ளைகள் பறிக்கப்பட்டன. அந்தத் தோழர்கள் குஞ்சுகளைத் துன்புறுத்தவில்லை. பட்டினி போடவும் இல்லை. எடுத்ததே வேதனை என்று தீர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய குட்டிக்கு வெள்ளித் தட்டில் உணவு வைப்பவர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அரபு நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, அரபிகளே வளர்க்கிறார்களே, ஆகாதென்றால் அவர்கள் வளர்ப்பார்களா என்று கேட்போர் நம் ஊர்களில் உண்டு. அரபியர் செய்வதெல்லாம் ஆதாரமாகிவிடாது. கிதாபில் இருப்பதே ஆதாரம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் மதிப்போடு ஓதப்படும் நூல். பயனில்லாத கொடிய விலங்கை விற்பது செல்லாது என்பது அதில் உள்ள சட்டம். சிங்கம், ஓநாய் போன்றவை அதற்கு எடுத்துக்காட்டுகள். மன்னர்கள் அவற்றை வைத்துக் கொள்கிறார்களே, அதனால் மக்களிடம் ஓர் அச்சமும் மதிப்பும் உண்டாகிறதே, அது பயன் ஆகாதா என்ற கேள்வியும் அறிஞர்களுக்கு அன்றே எழுந்தது. மின்ஹாஜுக்கு உரை வகுத்த கதீப் ஷிர்பீனீ (ரஹ்) போன்றோர், அது ஷரீஅத் கணக்கில் எடுத்துக் கொள்ளும் பயன் அன்று என்று தெளிவாக ஒதுக்கிவிட்டனர். மன்னனின் ஆடம்பரமே கணக்கில் வரவில்லை எனில், மற்றவரின் ஆடம்பரத்திற்கு ஏது கணக்கு?

சிவிங்கிப்புலிக்கு மட்டும் அவர்கள் விலக்கு அளித்துள்ளனர் என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். அது வேட்டைக்குப் பயன்பட்டது. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்து வந்த இரையை உண்பது அல்மாயிதா அத்தியாயத்தின்படி ஆகும். ஆனால் இன்று அதை வாங்குவோர் எவரும் வேட்டைக்காக வாங்கவில்லை. நகம் பிடுங்கிய சிவிங்கிப்புலி எதை வேட்டையாடும்? காரணம் போய்விட்ட பின் விலக்கு மட்டும் எப்படி நிற்கும்? ஹனஃபி மத்ஹபில் இத்தகைய விலங்குகளின் விற்பனை செல்லும் என்ற கருத்து உண்டு என்பதை அறிவேன். விற்பனை செல்லும் என்பதால் வதை செல்லும் என்று அந்த மத்ஹபின் எந்த இமாமும் கூறவில்லை.

அந்த வேட்டைப் பழக்கமும் என்னவாயிற்று என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது. முகலாயப் பேரரசர் அக்பர் 1,000 சிவிங்கிப்புலிகள் வரை வைத்திருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வளவு விலங்குகள் இருந்தும் அவை இணை சேரவில்லை. ஒரே ஒரு முறை, கழுத்துப் பட்டையிலிருந்து நழுவிய ஒன்றின் மூலம் மூன்று குட்டிகள் பிறந்தனவாம். அதற்குப் பின் கூண்டில் சிவிங்கிப்புலி ஈன்றதாகப் பதிவு கிடைப்பது 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சி சாலையில்தான். இதன் பொருள் என்ன? அரண்மனைகளில் நின்ற அத்தனையும் காட்டிலிருந்து பிடித்து வந்தவையே. ஒன்று இறந்தால் இன்னொன்றைக் காட்டில் சென்று பிடித்தனர். வேட்டையும் காடழிப்பும் எஞ்சியவற்றை முடித்தன. இந்தியாவில் இவ்வினம் அற்றுப்போயிற்று என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளை விமானத்தில் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட வேண்டியதாயிற்று.

கொடிய விலங்குகளின் தோலை விரிப்பாகப் பயன்படுத்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அது செருக்குற்றோரின் அடையாளம் என்பது அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. செத்த விலங்கின் தோலில் அமர்வதிலேயே செருக்கு உண்டெனில், உயிருள்ள விலங்கைச் சங்கிலியில் கட்டி வீதி வலம் வருவதை என்னவென்பது? அரபு நாடுகளிலேயே இதனை உணர்ந்து சட்டம் இயற்றியுள்ளனர். ஐக்கிய அரபு அமீரகம் 2016ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டத்தால், கொடிய விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அவற்றைப் பொது இடத்திற்குக் கொண்டு வருவோருக்கு ஆறு திங்கள் வரை சிறையும் 5 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. அரபிகளே வளர்க்கிறார்களே என்போர் இந்தச் சட்டத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இதெல்லாம் கோடீஸ்வரர் கதை, நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூண்டைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். அதில் ஒரு பச்சைக்கிளி இருந்தால், அதுவும் காட்டுயிரே. மரப்பொந்தில் கைவிட்டு எடுத்த குஞ்சு அது. அதன் தாயும் அன்று அந்த மரத்தைச் சுற்றி வட்டமிட்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ஸலாம் சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். அதனால் குற்றம் நீங்கிவிடாது.

நட்சத்திர ஆமையும் அவ்வாறே. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் அந்தச் சாதுப் பிராணியை, முதுகில் உள்ள கோலத்திற்காகப் பிடித்துக் கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்துகின்றனர். நம் நாட்டின் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. 2019இல் இதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டது. வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று வாங்குவோரும் இருக்கிறார்கள். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டம் என்று ஈமான் கொண்ட வீட்டில் ஆமைக்கு அந்த வேலை எதற்கு?

வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் அவை இருப்பின், 2024இல் வெளியான விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பெட்டியில் ஒளித்து வந்த ஒன்றை வீட்டில் பிறந்ததாகப் பதிவு செய்வது பொய் சாட்சியம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்த உடனே கூண்டைத் திறந்து விடுவதற்கு எழ வேண்டாம். சிறகு வெட்டப்பட்ட கிளியைத் தெருவில் விட்டால் மாலைக்குள் காகமோ பூனையோ முடித்துவிடும். கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை பெரிதாகிவிட்டதென்று ஊர்க்குளத்தில் விடுகின்றனர். அயல்நாட்டுப் பிராணியான அது, நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக் கொள்கிறது. அவிழ்த்து விடுவதென்று ஹதீஸில் வந்திருப்பது, தானே பிழைத்துக் கொள்ளும் உயிரைப் பற்றியது. பிழைக்க வழியற்றதை வெளியே தள்ளுவது கட்டி வைப்பதன் மறுபக்கம்தான். நம் நாட்டுக் காட்டுயிர் எதுவாயினும் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுவரையில் அதன் உணவும் நீரும் நிழலும் உங்கள் பொறுப்பு. அவர்கள் வந்து எடுத்துச் செல்லும் வரை ஒரு வேளையும் தவறலாகாது.

பிள்ளைகள் உயிரினங்களோடு பழக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசையே. அதற்குப் பூனை இருக்கிறது. அது நம்மைச் சுற்றித் திரியும் பிராணி என்றும், அசுத்தமானதன்று என்றும் நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்துள்ளார்கள். கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது, மாடத்துப் புறா இருக்கிறது. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வரும் சிறு அயல்நாட்டுக் குருவிகளும் உள்ளன. அபூஉமைரின் அனுமதி அவற்றுக்குப் பொருந்தும். பழகப் பழகக் குழந்தை ஒன்றைக் கேட்கும்: பக்கத்து வீட்டில் இருப்பது போல் ஒரு கிளி வேண்டும் என்று. அப்போது அந்தக் குழந்தைக்கு ஹும்மராவின் கதையைச் சொல்லுங்கள். பிறகு வாசலில் நின்று, மாலையில் கூட்டமாய்க் கூடு திரும்பும் கிளிகளைக் காட்டுங்கள்.